தம்பி, பதினொரு கோல் கூடிப்போச்சு

வருசம் பிறக்க கொப்பியில பதினொரு கோல் (இலக்கு) எழுதினன், சீமா (CIMA எண்ட கணக்கியல் சோதினை), ஜிம், சிங்களம், காசு சேக்கிறது எண்டு, ஆறு மாசமாகியும் ஒண்டும் நடக்கேல்ல, நான் சோம்பேறியோ எண்டு கேட்டிருந்தீங்கள். அப்பிடி இல்ல தம்பி, கொழும்பு கோட்டையில வேலை முடிஞ்சு 100ஆம் நம்பர் பஸ்ஸில தொங்கிக்கொண்டு வெள்ளவத்தையில இறங்கேக்க எட்டு மணி எண்டா பிறகு ஆர் படிப்பினம்?

என்ர லிஸ்ட்டில நான் சீமாவை மட்டும் வச்சிட்டு மிச்சத்த வெட்டினன் (ஜிம்முக்கு கட்டின காசுதான் வயித்தெரிச்சல்). ஒரு லெவல்ல மூண்டு பேப்பரும் பாஸ் பண்ணினாத்தான் அந்த லெவலின்ர கடைசி சோதினையான கேஸ் ஸ்டடி எடுக்கலாம், அதுவும் பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நவம்பர் எண்டு வருசத்துக்கு நாலு தரம்தான், அதால வாற பெப்ரவரியை பிடிச்சு பின்னால எண்ணிக்கொண்டு வாங்கோ. சும்மா "படிக்கோணும்" எண்டு எழுதிறது வெறும் ஆசை. பீட்டர் கோல்விட்சர் எண்ட உளவியலாளர் 1999இலயே இதப்பத்தி எழுதியிருக்கிறார், எப்ப, எங்க, என்ன செய்வன் எண்டு சேத்து முடிவெடுத்தா செய்து முடிக்கிற சான்ஸ் கூடவாம். என்ரது இப்பிடி: விடிய அஞ்சரைக்கு அம்மா பிளேன்டீ ஊத்தேக்க குசினி மேசையில இருபது கேள்வி. இரவில ட்ரை பண்ணவே வேண்டாம்.

சிங்களம் கண்டக்டரோட கதைச்சே பழகலாம், கிளாஸ் என்னத்துக்கு. இப்ப எந்த பேப்பர்ல நிக்கிறீங்கள்? பி1 எண்டா என்ர நோட்ஸ் கிடக்கு.