வளைவில் சாயும் கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது ஒன்பது வருடப் பழைய ஹேட்ச்பேக். கல்லணை – திருவையாறு ஆற்றங்கரைச் சாலையில் திரும்பும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது, பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டுகிறது. முன்பக்கம் கம்பெனி கொடுத்திருக்கும் 20 மி.மீ. ஸ்டெபிலைசர் பாரை எடுத்துவிட்டு வெளியில் விற்கும் 22 மி.மீ. ஸ்வே பார் போடலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: போட்டால் சாய்வு குறையும். ஸ்டெபிலைசர் பார், ஸ்வே பார் இரண்டும் ஒன்றுதான்: இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் இரும்புக் கம்பி. 2 மி.மீ. தானே என்று எடைபோட்டுவிடாதீர்கள். பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். நீளமும் வளைவும் அதேதான் என்றால் 20-லிருந்து 22-க்குப் போவது 46 சதவீதம் கூடுதல் விறைப்பு.

ஆனால் ஒன்பது வருட வண்டிக்கு அது முதல் வைத்தியம் இல்லை. பாரைச் சேஸியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து, பாருக்கும் ரப்பருக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி விழுந்திருந்தாலே போதும். வண்டி கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் பார் வேலையைத் தொடங்கும். ஒரு சிறு கடப்பாரையைப் பாரின் அடியில் கொடுத்து நெம்பிப் பாருங்கள். புஷ்ஷுக்குள் பார் துள்ளினால் புஷ் போய்விட்டது. வண்டி தரையில் நிற்கும்போதே, பாரின் நுனியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். டக்கென்று சத்தம் வந்தால் அதன் பால் ஜாயின்ட் முடிந்தது. சாக் அப்சார்பர் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருந்தால் அதையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்று ஒருபோதும் வேண்டாம். இவ்வளவும் செய்த பின்னும் சாய்வு உறுத்தினால் கனமான பாரை யோசிக்கலாம்.

அப்போதும் முன்னால் மட்டும் விறைப்பைக் கூட்டினால் சாய்வு குறையுமே தவிர, வளைவில் ஸ்டியரிங் சொன்ன இடத்துக்கு வண்டி வராமல் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். முன்சக்கர இழுவை கார்களுக்கு இயல்பிலேயே அந்தக் குணம் உண்டு. அதனால்தான் பலர் பின்னால் பார் போடுகிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் பின் ஆக்சில் பீமே முறுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யும். வெளியில் விற்கும் பார் அந்த பீமின் மேல்தான் போல்ட் ஆகும். அங்கே அளவு மீறினால் வேகமான வளைவில் பின்பக்கம் வால் வீசும். தை, மாசி அறுவடையில் நம் சாலைகளில் வைக்கோலும் நெல்லும் கிடக்கும், ஐப்பசி மழையில் கரைமண் வழுக்கும். இந்த ஊர் ரோட்டுக்குப் பின்பக்கம் ரொம்பக் கெட்டியான பார் வேண்டாம் என்பதே நம் கருத்து.

இன்னொன்று. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் ஸ்பீடு பிரேக்கரில் பாருக்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் அது மறுபக்கத்தையும் பிடித்து இழுக்கும். ஓரம் அரித்துப்போன வாய்க்கால் கரை ரோட்டில் தினமும் ஓட்டுபவருக்குக் கனமான பார் இடுப்பில் தெரியும்.

கேள்வி: பாரும் லிங்க்கும் வாங்கி வைத்துவிட்டேன். வீட்டிலேயே மாட்டலாமா? எதில் தவறு நடக்கும்? – வாசகர், மன்னார்குடி

பதில்: மாட்டலாம், தரை சிமென்ட்டாக இருந்தால். வண்டல் மண்ணில் ஜாக்கி அமிழும். அதன் மேல் எவ்வளவு கெட்டிப் பலகை போட்டாலும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

முதலில் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சில கார்களில் இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃப்ரேமை இறக்காமல் பார் வெளியே வராது. உங்களுடையது அந்த வகை என்றால் வேலையை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

நட்டுகளில் முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள். மறுநாள் இரண்டு முன்சக்கரங்களையும் ஒன்றாகவே தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி நிற்கும். லிங்க் கழன்ற கணம் கையில் அடிக்கும், புது லிங்க்கும் துளைக்கு நேராக வராது.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் லிங்க் நட்டு. திருகினால் நட்டோடு சேர்ந்து உள்ளிருக்கும் ஸ்டட்டும் சுற்றும். ஸ்டட்டின் நுனியில் ஆலன் கீ போடக் குழி இருக்கும், அல்லது பின்னால் மெல்லிய ஸ்பானருக்குத் தட்டையான இடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வளைய ஸ்பானரால் நட்டைக் கழற்றுங்கள். பிளையரால் ரப்பர் உறையைப் பிடித்தால் உறை கிழியும். ஒரு மழைக்குள் சேறு புகுந்து ஜாயின்ட் போய்விடும்.

புது பார் கனம் என்பதால் பழைய புஷ் பொருந்தாது, 22 மி.மீ. துளையுள்ளதுதான் வேண்டும். பாலியூரித்தேன் புஷ் என்றால் உள்பக்கம் சிலிகான் கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம், எண்ணெயில் ரப்பர் ஊதிப் பிய்ந்துவிடும். புஷ்ஷின் வெட்டு வாய் பழையது எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே இருக்கட்டும். கிளாம்ப் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, பார் இடமும் வலமும் சமமாக நீட்டுகிறதா என்று அளந்த பிறகு இறுக்குங்கள். லிங்க்கின் நைலான் நட்டைப் புதிதாகவே போடுங்கள். 10 மி.மீ. மரை நட்டுக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரும். உங்கள் கார் மேனுவல் சொல்வதே இறுதி.

இதோடு, சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷையும் மாற்றினால் ஒன்றைக் கவனியுங்கள். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் உள்குழாயோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுக்கியே கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு.

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸிலோ டிரைவ் ஷாஃப்ட்டிலோ பார் உரசுகிறதா பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் எல்லா நட்டையும் மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: புது பார் போட்டதிலிருந்து சின்னப் பள்ளத்தில் கடகட என்கிறது. மெக்கானிக் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் சாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) போய்விட்டது என்கிறார். – வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: காசு செலவழிக்கும் முன் இரண்டு பக்க லிங்க்கையும் பாரிலிருந்து கழற்றி, எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றம் லிங்க்கிலோ புஷ்ஷிலோ. பெரும்பாலும் சரியாக இறுகாத லிங்க் நட்டுதான். நிற்காவிட்டால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டைப் பாருங்கள். ‘கடகட’ இல்லாமல் ‘கீச்’ என்றால் பாலியூரித்தேன் புஷ் காய்ந்திருக்கிறது, சிலிகான் கிரீஸ் போதும்.

கேள்வி: பார் மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா? – வாசகர், மயிலாடுதுறை

பதில்: பாரும் லிங்க்கும் மட்டும் என்றால் தேவையில்லை. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், ஸ்பிரிங் எதைத் தொட்டாலும் அவசியம்.

கேள்வி: கடைக்கு உரம் ஏற்றும்போது கார் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. காயில் ஸ்பிரிங் நடுவே செருகும் ரப்பர் பஃபர் போடலாமா? – வாசகர், ஒரத்தநாடு

பதில்: நான்கு மூட்டை யூரியா என்றால் 45 கிலோ வீதம் 180 கிலோ, அதுவும் பின் ஆக்சிலுக்கும் பின்னால். பஃபர் அந்தச் சுற்றை அசையவிடாமல் பிடிப்பதால் ஸ்பிரிங் விறைக்கும், வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் அந்த எடையை டயரும் பிரேக்கும் இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. சுமை இல்லாத நாளில் பின்பக்கம் குதிக்கும். விறைத்த ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் பழைய சாக் அப்சார்பர் சீக்கிரம் கசியும். இரண்டு நடையாக எடுத்துப்போங்கள், அல்லது லோடு ஆட்டோ பிடியுங்கள். அதுவே மலிவு.

கேள்வி: இதையெல்லாம் மாற்றினால் சட்டச் சிக்கல் வருமா? – வாசகர், திருவாரூர்

பதில்: தயாரிப்பாளர் கொடுத்த அதே அளவில் தேய்ந்ததை மாற்றுவது பழுதுபார்ப்பு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். வேறு அளவு பாகம் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடற்கரை ஊர். போன முறை பின் ஸ்பிரிங் அடிச்சுற்றில் முறிந்தது. புதிதுக்கும் அதே கதியா? – வாசகர், வேதாரண்யம்

பதில்: அடிச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் உப்பு மண் தேங்கும். பெயின்ட் உரிந்த ஒரு புள்ளியில் துரு குழி பறிக்கும், முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். மாட்டும் முன்பே ஸ்பிரிங்கில் கீறல் இருந்தால் பெயின்ட் தொட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கைச் சுருக்கும் கருவியின் கொக்கி பட்ட இடத்தை மறக்க வேண்டாம். அடியில் வரும் ரப்பர் சீட்டைப் புதிதாகப் போடுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அந்தக் கிண்ணத்தைக் கழுவுங்கள். அதன் வடிகால் துளையில் மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.