ரயில் பாதையோரம் நூறு நாள் வேலை: கூலி யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 2025 ஆகஸ்டில் ரயில் பாதையோர வடிகாலைத் தூர்வாரும் வேலை நூறு நாள் திட்டத்தில் நடந்தது. நான் 12 நாள் போனேன். கூலி இன்னும் வரவில்லை. "ரயில்வே இடம், அவர்களைக் கேளுங்கள்" என்கிறார் ஊராட்சிச் செயலாளர். ரயில்வேயில் கேட்டால் ஊராட்சிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். என்னுடன் வந்த அக்கா கரையில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். நடுவில் 2 நாள் ஒரு ஒப்பந்தக்காரரின் ஆள் எங்களைத் தண்டவாளத்துக்கே கூட்டிப்போய் ஜல்லி அள்ளிப் போடச் சொன்னார். என்ன செய்வது?
– ராமநாதபுரம் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, நிலம் யாருடையது என்பதை வைத்து உங்கள் கூலி முடிவாவதில்லை. உங்கள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டில் ஏறியது என்பதுதான் கணக்கு. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டப்படி உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் செலவு. ரயில்வே தன் பணத்திலிருந்து தரவேண்டிய தொகையே அல்ல அது. ஆகவே கூலியை ரயில்வேயில் கேட்கச் சொல்லி ஊராட்சி உங்களை அனுப்பியது தவறு.

கூலி 15 நாளுக்குள் வந்திருக்க வேண்டும். பதிவேடு முடிந்த 16ஆம் நாளைத் தாண்டினால், நிலுவையில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் தாமத இழப்பீடு உண்டு. அன்றைய கூலி 336 ரூபாய். 12 நாளும் முழுக் கூலி என்றால் 4,032. அதற்கு இழப்பீடு ஒரு நாளைக்குச் சுமார் 2 ரூபாய். சின்னத் தொகைதான், இருந்தாலும் விடாமல் எழுதிக் கேளுங்கள். தாமதம் மாவட்டத்திலா டெல்லியிலா என்ற சாக்கு செல்லாது என்று 2018இல் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது 125 நாள் என்று புதிய சட்டம் வந்திருப்பதால் பழைய பாக்கி போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பழைய சட்டத்தில் உங்களுக்குச் சேர்ந்துவிட்ட உரிமை அந்தச் சட்டம் ரத்தானாலும் நிற்கும். 1897ஆம் ஆண்டு பொதுப்பிரிவுகள் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது அந்த 2 நாள் விஷயம். வடிகால் வேலை நல்ல வேலை. தண்ணீர் தேங்கினால் கரை இளகும், ஜல்லிக்குள் சேறு ஏறும், தண்டவாளம் உட்காரும். அதைத் தடுப்பது உங்கள் மண்வெட்டிதான். ஆனால் தண்டவாளத்தின் மேல் வேலை என்பது பயிற்சி பெற்ற கேங்மேன்கள், வண்டி வருவதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள், சிவப்புக் கொடி எல்லாம் இருந்தால்தான் நடக்கலாம். 2020இல், கொரோனாவால் ஊர் திரும்பியவர்களுக்காக பீகார், உத்தரப் பிரதேசம் உள்பட 6 மாநிலங்களின் 116 மாவட்டங்களில் வேலைத் திட்டம் நடந்தது. அதற்கு ரயில்வே கொடுத்த பட்டியலில் வடிகால், ரயில்வே கேட்டுக்குப் போகும் சாலை, கரையைப் பலப்படுத்துதல், எல்லையோரம் மரம் நடுதல் எல்லாம் இருந்தன. தண்டவாளத்தில் கை வைக்கும் வேலை ஒன்றுகூட இல்லை.

நூறு நாள் வேலையில் ஒப்பந்தக்காரரை நுழைக்கவே சட்டம் தடை செய்கிறது. அந்த 2 நாளைத் தனியாக எழுதுங்கள். அது ஒப்பந்தக்காரர் வேலை என்று நிரூபணமானால் கூலி அவர் தரவேண்டும். அவர் தராவிட்டால் வேலையைக் கொடுத்த ரயில்வே தரவேண்டும். இனி யார் கூப்பிட்டாலும் தண்டவாளத்தில் ஏறாதீர்கள். அனுமதியில்லாமல் ரயில்வே எல்லைக்குள் நுழைந்தால் ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. கூப்பிட்டவர் யாராக இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் வரலாம். வடிகால் வேலைக்கு ரயில்வே கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலையும் ஊராட்சியில் கேட்டு வாங்குங்கள்.

சரி, மனுவை வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுங்கள். அவர் அதைப் பதிவு செய்து 7 நாளில் முடிவு சொல்லவேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். வேலை அட்டை நகலை இணையுங்கள். பணித்தளப் பொறுப்பாளர் தினமும் செல்போனில் எடுத்த வருகைப் படங்களையும் கேளுங்கள். நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பதில் இல்லையென்றால் அப்புறம் மாவட்டக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.

அந்த அக்காவுக்கு இலவச சிகிச்சையும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தது பாதிக் கூலியும் மாநில அரசு தரவேண்டும். இடம் ரயில்வேயுடையது என்பதால் இது மாறாது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் "வேலை செய்யும்போது விழுந்தார்" என்று எழுதியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வெறுமனே "கீழே விழுந்தார்" என்று இருந்தால், உடன் இருந்த 2 பேர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.