மாப்பிள்ளையின் 'பத்து', நம்ம ஊரில் இருபத்திரண்டு

கேள்வி: தங்கைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை நியூஜெர்சியில் இருக்கிறார். மோதிர அளவு கேட்டால் 'பத்து' என்கிறார். இங்கே கடையில் பத்தாம் நம்பர் வளையம் என் சுண்டுவிரலுக்கே இறுக்கமாக இருக்கிறது. அவர் ஒல்லியான ஆளும் இல்லை. எதை நம்பி ஆர்டர் கொடுப்பது? (கோயம்புத்தூர்)

பதில்: அவர் சொன்னதும் சரி, கடைக்காரர் காட்டியதும் சரி. இரண்டும் வேறு வேறு பத்து.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஜ்யம் என்ற அளவே 11.63 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் விட்டத்தில் 0.81 மி.மீ. கூடும். அந்தக் கணக்கில் பத்து என்பது 19.8 மி.மீ. விட்டம், அதாவது 62 மி.மீ. உள் சுற்றளவு. நம் நகைக்கடைகளின் அட்டவணைகளில் பெரும்பாலானவை உள் சுற்றளவிலிருந்து நாற்பதைக் கழித்து மிச்சத்தை எண்ணாகச் சொல்கின்றன. ஆகவே நம்ம ஊர் பத்து வெறும் 50 மி.மீ. மாப்பிள்ளைக்கு வேண்டியது ஏறத்தாழ 22.

'ஏறத்தாழ' என்று சொல்லக் காரணம், இங்கே கடைக்குக் கடை அட்டவணை கொஞ்சம் நகரும். எண் என்பது அந்தந்த ஊர் வைத்த பட்டப்பெயர் மாதிரிதான். ஆர்டர் சீட்டில் 'உள் சுற்றளவு 62 மி.மீ.' என்று எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் எண்ணும் இருக்கட்டும். பிறகு தகராறு வந்தால் பேசப்போவது அந்த மில்லிமீட்டர்தான். உலகத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ்ஓ 8653 என்ற தரமும் மோதிர அளவை உள் சுற்றளவின் மில்லிமீட்டராகவே சொல்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ் கடைகளில் '54' என்று பார்த்தால் அது நேராக அந்த மில்லிமீட்டர்தான். இத்தாலி, ஸ்பெயின், சுவிட்சர்லாந்தில் நம்மைப் போலவே நாற்பதைக் கழித்து '14' என்பார்கள். ஜப்பானியர் விட்டத்தைப் பிடித்துக்கொண்டு 13 மி.மீட்டரில் ஒன்று என்று தொடங்கி, மூன்றில் ஒரு பங்கு மி.மீ. வீதம் ஏறுகிறார்கள். அவர்களின் 14-உம் தற்செயலாக 54 மி.மீ. சுற்றளவிலேயே வந்து நிற்கிறது.

இதனால் வரும் விபத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் 14 போடும் பெண் ஒருத்தி அமெரிக்கத் தளத்தில் 14 என்று தேர்ந்தெடுத்தால் வீட்டுக்கு வருவது 23 மி.மீ. விட்டமுள்ள மோதிரம். 2011 வரிசையில் வந்த ஐந்து ரூபாய் நாணயத்தின் விட்டமும் அதேதான். கட்டை விரலிலும் கழன்று விழும்.

அமெரிக்க எண் தெரிந்தால் நீங்களே கணக்குப் போடலாம். எண்ணை 2.55-ஆல் பெருக்கி 36.5 கூட்டினால் சுற்றளவு ஏறத்தாழ வந்துவிடும். 5 என்றால் 49.3, 6 என்றால் 51.9, 7 என்றால் 54.4, 8 என்றால் 57, 9 என்றால் 59.5. அதில் நாற்பதைக் கழித்தால் நம் எண்.

இன்னொன்று: மாப்பிள்ளையிடம் அந்தப் பத்தை எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேளுங்கள். கடையில் வளையம் போட்டுப் பார்த்ததா, கல்லூரிக் காலத்து மோதிரத்தின் நினைவா என்பது முக்கியம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் எனக்கு இங்கே கடையில் 'எல் அரை' என்று எழுதிக் கொடுத்தார்கள். சென்னையில் அக்கா விசாரித்தால் ஒரு அட்டவணை அமெரிக்க 6 என்கிறது, இன்னொன்று ஐந்தரை என்கிறது.

பதில்: பிரிட்டனில் எழுத்துதான் அளவு. அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவிலும் அதே முறை. 'சி' என்றால் 40 மி.மீ. சுற்றளவு, அதன் பின் எழுத்துக்கு 1.25 மி.மீ. கூடும். 'எல்' 51.25, 'எல் அரை' 51.9. அமெரிக்க ஆறும் 51.9. ஆகவே முதல் அட்டவணைதான் சரி.

முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்றால், அமெரிக்க முழு எண்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் அரை எழுத்துகளில் போய் விழுகின்றன. ஏழு 'என் அரை'யிலும், எட்டு 'பி அரை'யிலும் விழும். அட்டவணை போடுகிறவர் அரையை விழுங்கிவிட்டு, ஒருவர் மேலே தள்ளுகிறார், மற்றவர் கீழே தள்ளுகிறார். அக்காவிடம் எழுத்தும் வேண்டாம் எண்ணும் வேண்டாம், 51.9 என்று மட்டும் அனுப்புங்கள்.

நீங்களே அங்கே இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பிரிட்டனின் 2013 விதிகளின்படி பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் உங்களுக்கென்றே செய்த, பெயர் பொறித்த மோதிரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: நூல் சுற்றி அளந்தேன், மூன்று தடவையும் மூன்று அளவு வருகிறது.

பதில்: நூல் இழுபடும், சதையில் புதையும். அதை விட்டுவிட்டு, இழுபடாத காகிதத்தில் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கி விரலடியில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பிரித்து ஸ்கேலில் வையுங்கள். ஒரு மி.மீ. பிசகினாலும் அமெரிக்கக் கணக்கில் அரை அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தப்பு வரும். பழைய மோதிரத்தின் உள்விட்டத்தை ஸ்கேலில் அளப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே அரை மி.மீ. கண் தப்பினால், சுற்றளவில் அது ஒன்றரை மி.மீ. ஆகிவிடும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

எப்போது அளப்பது என்பதும் உண்டு. காலையில் எழுந்ததும் வேண்டாம், வெயிலில் அலைந்து வந்ததும் வேண்டாம், கர்ப்பிணிகள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். சாயங்காலம், உடம்பு சாதாரணச் சூட்டில் இருக்கும்போது அளந்து பாருங்கள். எந்த விரலுக்கோ அதே விரலில் அளக்க வேண்டும். வலது கைப் பழக்கக்காரருக்கு வலது விரல் பெரும்பாலும் ஒரு சுற்று பெரிது. விரலின் கணு, அடியைவிடப் பருத்தவருக்கு இரண்டையும் அளந்து நடுவில் ஓர் அளவு பிடிப்பதுதான் நியாயம். ஆறு மி.மீட்டருக்கு மேல் அகலமான பட்டை மோதிரம் என்றால் அமெரிக்கக் கணக்கில் கால் அல்லது அரை அளவு கூட்டிச் சொல்லுங்கள். அகலப் பட்டை அதிகச் சதையைப் பிடிக்கும்.

என் கதை: என் நிச்சயதார்த்த மோதிரத்துக்கு மாமா நூல் சுற்றிப் போனார். அது மார்கழிக் காலை, விரல் சுருங்கிக் கிடந்த நேரம். சித்திரையில் சோப்பு போட்டுக் கழற்றினேன்.

கேள்வி: கடை அனுப்பிய பிடிஎஃப் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து மோதிரத்தை வைத்துப் பார்த்தேன். நம்பலாமா?

பதில்: பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று தானாகச் சுருக்கியிருந்தால் நம்ப முடியாது. ஏடிஎம் கார்டு ஒன்றை எடுங்கள். எந்த வங்கியாக இருந்தாலும் நீளம் 85.6 மி.மீ. அட்டவணையிலுள்ள அளவுகோலோடு அது ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். போனில் மோதிரம் வைத்து அளக்கும் செயலிகளுக்கும் இதே சோதனைதான்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மோதிரம் பெரிதாக இருக்கிறது. 'அளவு நீங்கள் தேர்ந்தெடுத்தது, திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.

பதில்: முதலில் மோதிரத்தை அளந்து பாருங்கள். தளத்தில் 14-க்கு 54 மி.மீ. என்று போட்டு, வந்தது 56 என்றால் அது விளம்பரம் செய்த தன்மையில் இல்லாத பொருள். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி விற்பவர் அதைத் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. அளவுகோல் பக்கத்தில் மோதிரத்தை வைத்துப் படம் எடுத்து, தளத்தின் அட்டவணையையும் சேர்த்து அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வந்தது 54-ஆகவே இருந்து உங்கள் விரல் 52 என்றால், கடை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போது அவர்களின் மாற்று விதிமுறைதான் பேசும். 'முதல் தடவை அளவு மாற்றம் இலவசம்' என்பது பல கடைகளில் உண்டு, வாங்கும் முன் பாருங்கள்.

கேள்வி: மோதிரத்தைச் சுருக்கக் கொடுத்தேன். வெட்டி எடுத்த தங்கம் என்னவாகும்?

பதில்: நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. கல் இல்லாத நான்கு கிராம் வளையத்தில், அறுபது மி.மீ. சுற்றளவில் ஐந்து மி.மீ. குறைக்கிறார்கள் என்று வையுங்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு போகும், ஏறத்தாழ 330 மில்லிகிராம். இன்றைய விலையில் சும்மா விடுகிற தொகை இல்லை. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண் முன்னே எடை போடச் சொல்லி ரசீதில் எழுதி வாங்குங்கள். பத்தர் வெட்டின துண்டைக் கையில் கேட்பதும் தவறில்லை, அது உங்கள் தங்கம். பெரிதாக்கும்போது தலைகீழாக, சேர்த்த தங்கத்துக்கு நீங்கள் கொடுப்பீர்கள். அதன் தரம் 22 கேரட்தானா என்று கேளுங்கள்.

உள்பக்கம் ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யூஐடி என்ற அந்த நகைக்கே உரிய அடையாள எண்ணும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று காட்டி, அந்த இடத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை மாற்றவே முயலாதீர்கள். டங்ஸ்டன் மோதிரத்துக்கு அளவு மாற்றமே கிடையாது, புதிது வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: ஒரு ஆன்லைன் தளத்தில் வளையல் அளவு 2.10 என்று இருக்கிறது. 2.4-ஐவிடச் சிறியதுதானே?

பதில்: பெரியது! அது தசமப் புள்ளி இல்லை. வளையல் கடையில் 'ரெண்டு நாலு', 'ரெண்டு பத்து' என்று சொல்வார்களே, அதுதான். அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கும், அதாவது இரண்டேகால். 2.10 என்றால் இரண்டும் பதினாறில் பத்தும், 66.7 மி.மீ. உள்விட்டம்.

கட்டை விரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, கை கூம்பும் நிலையில் பருத்த இடத்தைச் சுற்றி டேப் வையுங்கள். 18 செ.மீ. வந்தால் 2.4, 19-க்கு 2.6, 20-க்கு 2.8, 21-க்கு 2.10. நடுவில் வந்தால் கண்ணாடி வளையலுக்குப் பெரியதை எடுங்கள், உடைந்தால் கையைக் கிழிக்கும்.