கத்தி வைக்காமல் அக்குள் வியர்வையை நிறுத்த முடியுமா?

உங்களுக்கு வயது 22, ஊர் கல்முனை. அக்குள் வியர்வைக்கும் நாற்றத்துக்கும் அறுவை சிகிச்சை இல்லாமல் கருவியால் தீர்வு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் கருவியைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைத் தவறாகச் செய்து நான் நான்கு வருடங்களை இழந்தேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் மட்டக்களப்பில் ஆசிரியை. கரும்பலகையில் எழுதக் கை தூக்கவே அஞ்சிய காலம் அது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் முதலாம் பாடம் முடியும் முன்பே சட்டையில் ஈரம் பிறைபோல இறங்கிவிடும். காய்ந்தால் ஓரத்தில் வெள்ளை உப்புக்கோடு. வெள்ளையையும் பூப்போட்ட சீத்தையையும் தவிர வேறு துணியில் சட்டை தைத்ததில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்காத நாட்களில் மேல் கம்பியைத் தொடாமல், சீட்டின் முதுகைப் பற்றியபடியே கல்லடிப் பாலத்தைக் கடப்பேன்.

வியர்வையை அடக்கப் பூசும் அலுமினியம் குளோரைட் 20% கரைசலை வாங்கிக் காலையில் குளித்த கையோடு பூசினேன். எரிந்தது, பலனில்லை. ஈரத் தோலில் அது அமிலத்தை உண்டாக்கும். வியர்வை அதைக் கழுவியும் விடும். தோல் மருத்துவர் சொன்ன பிறகே புரிந்தது: இரவில், நன்றாக உலர்ந்த தோலில் பூசி, காலையில் கழுவ வேண்டும். மயிர் மழித்த அன்று பூசக் கூடாது. மூன்றாவது வாரம் சட்டை உலர்ந்தே இருந்தது. இப்போது வாரத்துக்கு ஒருமுறை போதும்.

நாற்றம் வேறு கதை. வியர்வைக்குத் தன் மணம் மிகக் குறைவு. தோலிலுள்ள பக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. பென்சோயில் பெரொக்சைட் என்ற கிருமிகொல்லி கலந்த கழுவும் திரவம் அவற்றைக் குறைக்கும். நிறத் துவாயில் பட்டால் சாயம் போய்விடும், கவனம்.

இவையெல்லாம் தோற்றால்தான் கருவி. மிராட்ரை என்ற நுண்ணலைக் கருவிக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இல் அனுமதி கொடுத்தது. மேல்தோலைக் குளிரூட்டியபடி அடியிலுள்ள வியர்வைச் சுரப்பிகளைச் சூடாக்கி அழிக்கிறது. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உடலின் வியர்வைச் சுரப்பிகளில் ஏறக்குறைய 2% மட்டுமே அக்குளில் இருப்பதால் உடல் குளிர்வது கெடாது. நாற்றத்துக்குக் காரணமான சுரப்பிகளும் அதே ஆழத்தில் இருப்பதால் அதுவும் தணிகிறது. கத்தி இல்லை என்பது உண்மை. மரக்கச் செய்யும் ஊசிகள் பல உண்டு. கனடாவில் இதைச் செய்துகொண்ட என் மச்சாளுக்கு ஒரு வாரம் வீக்கம், பல வாரங்கள் மரமரப்பு. செலவும் பெரிது. இன்று அவள் சாம்பல் நிறச் சட்டை உடுத்துகிறாள். தண்ணீரில் கை வைத்து அதற்கான மருத்துவக் கருவியால் மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறையும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் உள்ளங்கைக்கும் பாதத்துக்கும்தான்.

உங்களுக்கு இது பருவ வயதிலிருந்தே இருக்கிறதா, அண்மையில் தொடங்கியதா? உடல் முழுவதும் வியர்த்தால், தூக்கத்திலும் நனைந்தால், எடை குறைந்தால், தைரொயிட் போன்ற காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போனதும் இதைச் சொல்லிவிட்டுப் பிறகு கருவியைப் பற்றிக் கேளுங்கள்.