போகாத போட்டியின் வெள்ளிப் பதக்கம்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பிலிருந்து ஐந்து ஆண்டுகள் கராத்தே பயின்றாள். "அரசு பதிவு பெற்ற சங்கம், பிளாக் பெல்ட் பெற்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் சீட் உறுதி" என்று மாஸ்டர் நோட்டீஸ் அச்சிட்டுக் கொடுத்தார். மாதக் கட்டணம், பெல்ட் டெஸ்ட், யூனிஃபார்ம், போட்டிகள் என்று இதுவரை ரூ.1,07,500 கட்டியிருக்கிறோம். இந்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வின் சான்றிதழ் சரிபார்ப்பில், அங்கீகாரம் இல்லாத அமைப்பின் சான்றிதழ்கள் என்று சொல்லி எதையும் ஏற்கவில்லை. கேட்கப் போனால் மாஸ்டர் மரியாதையில்லாமல் பேசினார். காய்ச்சலால் போட்டிக்கே போகாத என் மகளுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தவர் அவர். இதைவிட மோசடிக்கு என்ன சான்று வேண்டும்? ரூ.30,000 திருப்பித் தருவதாக ஆள் அனுப்பினார், மறுத்துவிட்டோம். போலீசில் புகார் கொடுத்து, ரூ.10 லட்சம் நஷ்டஈடும் கேட்க விரும்புகிறோம். ஒரு தனியார் கல்லூரியிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பித்திருக்கிறோம்.
- ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய ஆறு பக்கக் கடிதத்தையும், உடன் வைத்திருந்த வாட்ஸ்அப் பதிவுகளையும் முழுமையாகப் படித்தேன். மாஸ்டர் பேசிய விதம், சீனியர் மாணவர்களை வைத்தே வகுப்பை ஒப்பேற்றியது, மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் என்று நிறம் மாற்றிக் கட்டணம் வாங்கியது ஆகியவற்றுக்கு நான்கு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறீர்கள். அவற்றில் எதுவும் உங்கள் வழக்கை நகர்த்தாது. ஐந்தாம் பக்கத்தின் நடுவே, மோசடிக்குச் சான்று என்று ஒரே வரியில் நீங்கள் எழுதிச் சென்ற அந்த வெள்ளிப் பதக்கம்தான் இந்த விவகாரத்தில் சட்டப்படி முக்கியமானது. அது மாஸ்டருக்கு எதிரான சான்று மட்டுமன்று, உங்கள் மகளுக்கும் எதிரான சான்று.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட நோட்டீசில் "சீட் உறுதி" என்ற சொற்கள் இருப்பதால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் நியாயமற்ற வணிக நடைமுறை என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. சங்கப் பதிவு என்பது ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பெறக்கூடிய ஒரு பதிவு எண்தானே தவிர, அந்தச் சங்கம் தரும் பெல்ட்டுக்கோ பதக்கத்துக்கோ அரசு கொடுத்த அங்கீகாரம் அன்று. அதை "அரசு பதிவு பெற்றது" என்று பெரிய எழுத்தில் போட்டுக் காட்டியது பெற்றோரைத் திசைதிருப்பவே என்று நுகர்வோர் ஆணையம் கருத வாய்ப்புண்டு. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பு பள்ளி வளாகத்தில் நடந்து, கட்டணமும் பள்ளி வழியாகவே போயிருக்கிறது. பள்ளிகள் நடத்தும் விளையாட்டு, நீச்சல் போன்ற பாடம் சாராத பயிற்சிகள் நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வாரா என்றும், தனியார் பயிற்சி மையங்கள் வரும் என்றும் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு 2020 சனவரியில் தீர்ப்பளித்திருப்பதால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுக்கும் வாதம் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு ஆண்டுக் காலவரம்பும் அந்தப் பழைய கட்டணங்களுக்கு எதிராகவே நிற்கிறது. மாதக் கட்டணத்தைப் பொறுத்தவரை, மகள் வகுப்புக்குச் சென்று பயின்றிருக்கிறாள், அது திரும்பாது. மீதமிருப்பது பிளாக் பெல்ட் தேர்வுக்குக் கட்டிய ரூ.18,000-மும், ஒன்று ரூ.6,500 வீதம் நான்கு போட்டிகளுக்குக் கட்டியதும்தான். அந்த நான்கில் ஒன்றை நீங்கள் தொடக் கூடாது. எனவே ரூ.37,500. மன உளைச்சலுக்கு ஆணையம் ஒரு சிறு தொகையைச் சேர்க்கலாம். ரூ.10 லட்சம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

இப்போது அந்த நான்காவது போட்டிக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் பதிவுகளில், போட்டி நாளுக்கு மறுநாள் மாஸ்டர் இப்படி எழுதியிருக்கிறார்: "பாப்பா வரலன்னாலும் பரவால்லங்க, மெடல், சர்ட்டிபிகேட் ரெண்டும் நான் வாங்கித் தந்துடறேன்." அதற்குக் கீழே உங்கள் பதில்: "ரொம்ப தேங்க்ஸ் மாஸ்டர்." அந்த வார மருத்துவரின் சீட்டையும் நீங்களே நகல் எடுத்து இணைத்திருக்கிறீர்கள். குமிதே (நேருக்கு நேர் மோதும்) பிரிவில் இரண்டாமிடம் பெற்றதாகச் சொல்லும் அந்தச் சான்றிதழ், மற்ற சான்றிதழ்களோடு சேர்ந்து, மகளின் பெயரிலுள்ள விண்ணப்பக் கணக்கில், அவளுடைய உறுதிமொழியுடன் பதிவேற்றப்பட்டிருக்கிறது. சரிபார்ப்பில் அமர்ந்த அதிகாரிகள் அமைப்புக்கு அங்கீகாரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அதை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுதியிருப்பதே பொய் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை எழுத்தில் முதன்முதலாகத் தெரிவிக்கப் போவது உங்கள் போலீஸ் புகார்தான்.

புகாரைப் படிக்கும் ஆய்வாளர் இரண்டாவதாகக் கேட்கப்போகும் கேள்வி, "இந்தச் சான்றிதழை நீங்கள் எங்கே கொடுத்தீர்கள்?" என்பதாக இருக்கும். பொய்யான தகவல் அடங்கிய சான்றிதழெல்லாம் சட்டப்படி போலி ஆவணம் ஆகிவிடாது என்பது உண்மை. கையொப்பமிட்டவரே, தம் பெயரிலேயே வழங்கியிருந்தால் அது பொய்ச் சான்றிதழே தவிரப் போலி ஆவணம் அன்று என்று வாதிடலாம். ஆனால் அந்தத் தாளில் போட்டி நடுவர், சங்கத் தலைவர் என்று இரண்டு கையொப்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மாஸ்டரே போட்டிருந்தால் அந்த வாதம் விழுந்துவிடும், அதைத் தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ பயன்படுத்தியவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 340-ஆம் பிரிவு பாயும். அது இல்லாவிட்டாலும், பொய்த் தகவலைக் காட்டி இடம் பெற முயன்றதாக 318-ஆம் பிரிவின் கீழ் முயற்சிக் குற்றம் சுமத்த இடமிருக்கிறது. மகளுக்குப் 18 வயது நிறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பித்த நாளிலேயே அது நிறைந்திருந்தால், இளஞ்சிறார் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர வழியில்லை. கோபம் உங்களுடையது, விண்ணப்பத்திலிருக்கும் பெயர் அவளுடையது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை, காவலர் தேர்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்காகக் கொடுத்த தற்காப்புக் கலைச் சான்றிதழ் செல்லாமல் போன கோபத்தில், என்னிடம் வருவதற்கு முன்பே பயிற்சியாளர் மீது புகார் கொடுத்துவிட்டார். மகன் கலந்துகொள்ளாத ஒரு போட்டியைப் பற்றிய பத்தியும் அதில் இருந்தது. முதல் தகவல் அறிக்கையில் பயிற்சியாளர் முதல் எதிரியாகவும், விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை வந்தபோது மகன் இரண்டாம் எதிரியாகவும் இருந்தார்கள். பயிற்சியாளருக்கு அதனால் பெரிதாக எதுவும் நேரவில்லை. வேறு பெயரில் வேறு ஊரில் வகுப்பைத் தொடர்ந்தார். அந்தப் பையன் பிற்பாடு வேறொரு தேர்வில் சொந்த மதிப்பெண்ணில் தேர்ச்சி பெற்றபோது, நிலுவையில் குற்றவழக்கு இருக்கிறது என்ற ஒரு வரி போலீஸ் சரிபார்ப்பில் அவனுடைய பணி ஆணையை நிறுத்தியது. வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் பெறுவதற்கும் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் அவனளவில் வழக்கை ரத்து செய்து வாங்குவதற்குள் நான்கு ஆண்டுகள் போயின. பதக்கம் கொடுத்தவர் குற்றவாளி, வாங்கியவர் ஏமாந்தவர் என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால் போட்டிக்குப் போகவில்லை என்பது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தெரியும் என்பதால், அந்த ஒரு தாளைப் பொறுத்தவரை ஏமாந்தவர் என்ற இடத்தில் அவர்களால் நிற்க முடிவதில்லை.

இன்னொரு விஷயம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் கணவர், "இரண்டு லட்சம் வரவில்லை என்றால் ஸ்டேஷனில் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். இதைப் பணம் பறிக்கும் மிரட்டல் என்று எதிர்த்தரப்பு புகார் கொடுக்க முடியும். இனி அந்தக் குழுவில் இருவரும் ஒரு சொல்கூட எழுத வேண்டாம்.

ஆகவே, என் ஆலோசனை இதுதான்: சமரசத்துக்குப் போங்கள். ரூ.37,500 கேளுங்கள், ரூ.30,000-க்கு மேல் அவர் வரமாட்டார் என்றால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். ஆணையத்தில் ஓராண்டுக்கு மேல் நடந்து, அந்த வாட்ஸ்அப் உரையாடலைக் குறுக்கு வினாக்களில் எதிர்கொண்டு நீங்கள் பெறப்போவது இதைவிடப் பெரிய தொகையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தத்தை, பிளாக் பெல்ட் தேர்வுக் கட்டணமும் மூன்று போட்டிகளின் நுழைவுக் கட்டணமும் திருப்பித் தரப்படுகின்றன என்ற அளவில் மட்டும் எழுதுங்கள். "இனி போலீசில் புகார் கொடுக்கமாட்டோம்" என்ற வரியை அவருடைய வக்கீல் சேர்க்கச் சொல்வார், சேர்க்காதீர்கள்; குற்ற வழக்கைத் தடுப்பதற்காகப் பணம் கைமாறும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது என்பதோடு, உங்களையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். நான்காவது போட்டியின் பெயரோ கட்டணமோ அதில் இடம்பெறக் கூடாது.

அந்தச் சான்றிதழையும் பதக்கத்தையும் கிழிக்கவோ எறியவோ வேண்டாம். ஆவணத்தை அழிப்பது தனிக் குற்றம் ஆகலாம். உறையில் போட்டு வையுங்கள். அதிகாரம் பெற்ற எவரேனும் நேரில் கேட்டால் மகள் உண்மையை மட்டுமே சொல்ல வேண்டும், அதற்கு முன் ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள்.

தனியார் கல்லூரி விண்ணப்பம்தான் இப்போது அவசரம், ஏனென்றால் அங்கே அந்தத் தாள் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. "விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழான கோரிக்கையையும், அதற்காக இணைத்த சான்றிதழ்கள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன், என் விண்ணப்பத்தைப் பொதுப் பிரிவில் மட்டும் கருதவும்" என்று மகளே எழுதிக் கையொப்பமிட்டு, நாளை காலையிலேயே நேரில் கொடுத்து, நகலில் கல்லூரியின் முத்திரையுடன் ஒப்புதல் பெற்றுக்கொள்ளட்டும். காரணம் எழுத வேண்டியதில்லை. அந்த ஒப்புதல் கைக்கு வந்த பிறகு மாஸ்டரின் ஆளைப் பேச்சுக்குக் கூப்பிடுங்கள்.