9800எக்ஸ்3டி-க்கு எந்த மதர்போர்டு, எந்த ராம்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் வேலை. பழைய கணினியை ஓரங்கட்டிவிட்டு, கேம் ஆடுவதற்கென்றே ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர் சிப் வாங்க முடிவு செய்துவிட்டேன். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5070. கோலாலம்பூர் போனபோது ஒரு கடையில் விலை கேட்டேன். எக்ஸ்870ஈ மதர்போர்டும், 8000 வேக ராம் நான்கு ஸ்டிக்கும் போட்டால்தான் இந்தச் சிப்பின் முழு வேகமும் கிடைக்கும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பி850 போர்டே போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? பழைய கணினியில் இருக்கும் 32 ஜிபி டிடிஆர்4 ராமைப் புதியதில் போட முடியுமா?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. அந்தச் சீட்டில் விலை மட்டும் கோளாறு இல்லை. நான்கு ஸ்டிக் போட்டால் அந்த ராம் 8000 வேகத்தில் ஓடவே ஓடாது. முதலில் ராமைப் பார்ப்போம், போர்டுக்கு அப்புறம் வரலாம்.

9800எக்ஸ்3டி உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் பெரும்பாலும் நான்கு ராம் ஸ்லாட் இருக்கும். ஆனால் சிப்பிலிருந்து ராமுக்குப் போகும் சேனல் இரண்டுதான். ஒவ்வொரு சேனலிலும் இரண்டு ஸ்லாட் தொங்குகிறது. ஒரு சேனலில் இரண்டு ஸ்டிக் செருகினால் சிக்னல் கலங்கும், வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். ஏஎம்டி தன் 9000 வரிசைச் சிப்புகளுக்குத் தரும் அதிகாரபூர்வ எண்ணைப் பாருங்கள்: இரண்டு ஸ்டிக் என்றால் டிடிஆர்5-5600, நான்கு என்றால் 3600. அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்கிளாக் கணக்கில்தான் சேரும். நான்கு ஸ்டிக்கை 6000-இல் நிலையாக ஓட்டுவதற்கே அதிர்ஷ்டம் வேண்டும். 8000 என்பது சீட்டில் எழுத மட்டும்தான் முடியும்.

சரி, இரண்டே ஸ்டிக் போட்டு 8000-இல் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். நல்ல போர்டில் ஓடும். பலன் குறைவு. காரணம் இது: டிடிஆர்5-6000 ராமின் உண்மையான கடிகார வேகம் 3000 மெகாஹெர்ட்ஸ். சிப்புக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் அதே 3000-இல் அதோடு சேர்ந்து ஓடும். 8000 ராம் போட்டால் ராம் 4000-இல் ஓடும், கன்ட்ரோலரால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. அதனால் அது சரிபாதியாக, 2000-க்கு இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. ஏஎம்5-இல் 6000 என்ற எண்ணையே எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வேகத்தைப் போலவே சிஎல் என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். ஒரு தகவலைக் கேட்ட பிறகு ராம் எவ்வளவு நேரம் காக்க வைக்கும் என்பதை அது காட்டும். கணக்கு சுலபம்: சிஎல்-ஐ 2000-ஆல் பெருக்கி, ராமின் வேகத்தால் வகுத்தால் நானோ விநாடியில் விடை வரும். 6000 சிஎல்30 என்றால் 10. 6000 சிஎல்36 என்றால் 12. சாதாரண 5600 சிஎல்46 என்றால் 16.4. கடையில் 8000 சிஎல்38 காட்டினால் அது 9.5, அதாவது 6000 சிஎல்30-ஐவிட அரை நானோ விநாடிதான் மிச்சம். அதற்காகக் கூடுதலாக எத்தனை ரிங்கிட் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

இதெல்லாம் எல்லா ரைசன் சிப்புக்கும் பொருந்தும். எக்ஸ்3டி சிப்புகளின் விஷயம் இன்னும் ஒரு படி வேறு. 9800எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, இருக்கிறது. வழக்கமான எட்டு கோர் ரைசனில் 32 எம்பிதான். மீதி 64 எம்பி, கோர்களுக்கு அடியில் தனி அடுக்காக ஒட்டப்பட்டிருக்கிறது. கேம் அடிக்கடி தேடும் தகவலில் பெரும்பகுதி அந்தக் கேஷிலேயே கிடைத்துவிடுவதால், சிப் ராமிடம் போய் நிற்கும் நேரம் குறைகிறது. ஆகவே ராம் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் இந்தச் சிப் அதிகம் கண்டுகொள்ளாது. மற்ற ரைசனில் ராமை மாற்றினால் தெரியும் வித்தியாசம் இதில் சுருங்கிவிடும். நீங்கள் சிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலையே அந்தக் கேஷுக்குத்தான். அதே வேலைக்காக ராமுக்கும் இன்னொரு முறை காசு கொடுப்பானேன்?

2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை போன போக்கைப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய மெமரியின் பக்கம் தயாரிப்பாளர்கள் சாய்ந்துவிட்டதால் நம் மாதிரி ஆட்களுக்கு வரும் டிடிஆர்5 குறைந்து, விலை ஏறியது. சீட்டில் போட்டிருக்கும் நான்கு ஸ்டிக்கில் இரண்டை வெட்டினாலே நல்ல தொகை மிஞ்சும்.

வாங்க வேண்டியது 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஒரே பெட்டியில் கிட்டாக வருவது, 6000 வேகம், பெட்டியில் எக்ஸ்போ (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் ஏஎம்டி அமைப்பு) என்ற எழுத்து. சிஎல்30 கட்டுப்படியானால் அது, இல்லாவிட்டால் சிஎல்36. இரண்டுக்கும் விலை அதிகம் தள்ளியிருந்தால், உங்கள் சிப்புக்கு நான் சிஎல்36-ஐத் தயங்காமல் எடுப்பேன். அதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் 5600 கிட் வாங்குங்கள். ஆனால் "இப்போதைக்கு ஒன்று, அடுத்த போனஸில் இன்னொன்று" என்று ஒற்றை ஸ்டிக்கோடு ஆரம்பிக்காதீர்கள். ஒரு சேனல் சும்மா கிடக்கும். பிறகு அதே மாடல் எண்ணைத் தேடி வாங்கினாலும் உள்ளே வேறு நிறுவனத்தின் மெமரி சிப் இருக்க வாய்ப்புண்டு, சேர்ந்து ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். 8 ஜிபி ஸ்டிக் இரண்டையும் தவிருங்கள். இன்றைய கேம்களுக்கு மொத்தம் 16 ஜிபி நெருக்கடி, டிடிஆர்5-இல் 8 ஜிபி ஸ்டிக்கின் உள்ளமைப்பும் கொஞ்சம் மந்தம்.

இனி போர்டு. பி850, எக்ஸ்870, எக்ஸ்870ஈ என்று பெயர் ஏற ஏறச் சிப் வேகமாக ஓடும் என்ற நினைப்பு கடைகளில் பரவலாக இருக்கிறது. ஓடாது. பி850 போர்டிலும் எக்ஸ்870 போர்டிலும் இருப்பது அதே சிப்செட் சில்லுதான் (எஸ்எஸ்டி, யூஎஸ்பி போன்றவற்றுக்குக் கூடுதல் இணைப்பு தரும் துணைச் சில்லு). எக்ஸ்870 என்ற பெயர் வாங்க வேண்டுமானால் போர்டில் யூஎஸ்பி4 கட்டாயம் இருக்கவேண்டும், கிராபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ (கார்டும் எஸ்எஸ்டியும் சிப்போடு பேசும் வழி) 5.0 ஆக இருக்கவேண்டும். எக்ஸ்870ஈ என்றால் அந்தச் சில்லு ஒன்றுக்கு இரண்டு. நிறைய எஸ்எஸ்டி, நிறைய யூஎஸ்பி வேண்டியவருக்கு அது உதவும். கேமில் ஒரு ஃபிரேம்கூட அதிகமாகாது. ஆர்டிஎக்ஸ் 5070 பிசிஐஇ 5.0 கார்டுதான், ஆனாலும் 4.0 ஸ்லாட்டில் போட்டால் கேமில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு இல்லை.

விலை கூடிய போர்டில் ஒரு வினோதமும் உண்டு. ஏஎம்5 சிப் வெளியே கொடுப்பது 24 பிசிஐஇ லேன், அதாவது தகவல் போகும் தடம்: கிராபிக்ஸுக்கு 16, முதல் எஸ்எஸ்டிக்கு 4, மீதி 4. எக்ஸ்870 போர்டுகளில் அந்த மீதி நான்கை யூஎஸ்பி4 சாப்பிட்டுவிடுகிறது. அதனால் சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால் கிராபிக்ஸ் கார்டு 16 லேனிலிருந்து 8-க்கு இறங்கும். இது பெட்டியில் இருக்காது, கையேட்டின் எம்.2 பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். எந்தப் போர்டு வாங்கினாலும் அந்தப் பக்கத்தை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

மின்சாரத்தைத் தாங்குமா என்ற பயமும் வேண்டாம். 9800எக்ஸ்3டி 120 வாட் சிப், உச்சத்தில் 162 வாட் வரை போகும், கேம் ஆடும்போது பெரும்பாலும் 100-க்குக் கீழேதான். சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்பகுதியின் மேல் ஹீட்சிங்க் போட்ட நடுத்தர பி850 எதுவும் அதைச் சமாளிக்கும். பி840 என்று ஒன்று பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அது வேறு, பழைய காலத்துச் சிப்செட், எடுக்காதீர்கள். பின்பக்கத்தில் யூஎஸ்பி எத்தனை, பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை பென்டிரைவ் வழியே புதுப்பிக்க) இருக்கிறதா என்று பாருங்கள். நம் தாமான் வீடுகளில் ரௌட்டர் கீழே ஹாலில் இருக்கும், கணினி மாடி அறையில் இருக்கும். கேபிள் இழுக்க வழியில்லை என்றால் வைஃபை உள்ள மாடலாகவே கேளுங்கள். பெரும்பாலும் பெயரின் கடைசியில் வைஃபை என்று போட்டிருக்கும்.

பழைய பி650 போர்டு மலிவாகக் கிடைத்தால் அதுவும் ஓடும். 2022-இல் வந்த வரிசை என்பதால் பயாஸைப் புதுப்பித்தால்தான் உங்கள் சிப்பை அடையாளம் காணும். கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். பி850 என்றாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பயாஸ் புதுப்பிப்பாகவே இருக்கட்டும். 2023-இல் 7800எக்ஸ்3டி சிப்புகள் சில எரிந்துபோனபோது, எக்ஸ்போ போட்டதும் போர்டுகள் ஏற்றிவிட்ட எஸ்ஓசி (சிப்பில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஏஎம்டி கட்டிப்போட்டது பயாஸ் வழியாகத்தான். 2025-இல் 9800எக்ஸ்3டி சிப்புகளும் சில போர்டுகளில் திடீரென்று செத்துப்போவதாகப் புகார்கள் வந்தன, புதிய பயாஸ்கள் வெளியாயின. சும்மா அலட்சியமாக விடும் வேலை இல்லை இது.

பொருத்தும்போது: இரண்டு ஸ்டிக்கையும் சிப்பிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகுங்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரே சேனலில் இரண்டும் போய் உட்கார்ந்துவிடும். முதன்முறை பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகவே இருக்கும், சில நிமிடம்கூட ஆகலாம். போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள். உள்ளே போனதும் பயாஸில் எக்ஸ்போவை இயக்குங்கள், இல்லாவிட்டால் 6000 கிட் வாங்கியும் 4800-இலோ 5600-இலோதான் ஓடும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்தில் வேகம் 6000 என்று காட்டவேண்டும். பல பேர் இந்த ஒரு படியை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏர்கான் இல்லாத அறை என்றால் நம் ஊரில் பிற்பகல் 32 டிகிரி சாதாரணம். இந்தச் சிப் பெட்டியில் கூலர் வராது, நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று வாங்குங்கள். பழைய ரைசனுக்கு வாங்கிய ஏஎம்4 கூலர் கையில் இருந்தால் பெரும்பாலும் அதே ஏஎம்5-இலும் பொருந்தும். விளக்கு எரியும் உயரமான ராம் வாங்கினால் கூலரின் முன் ஃபேன் அதன்மேல் இடிக்கும், உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். விளக்கில்லாத குட்டை ராமே நல்லது. கேஸில் காற்றோட்டம் இருக்கவேண்டும், சூடு ஏறினால் டிடிஆர்5 தடுமாறும்.

சீட்டிலிருந்து மிஞ்சும் பணத்தில் 5070-ஐ 16 ஜிபி உள்ள 5070 டிஐ ஆக்க முடிகிறதா பாருங்கள். 1440பி மானிட்டர் என்றால் வித்தியாசம் அங்கேதான் தெரியும். ராம் கிட்டுக்கு உள்ளூர் விநியோகஸ்தர் வாரண்டி உண்டா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாக இருக்கும் சில கிட்டுகளுக்கு விற்பவரைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை. பினாங்குக்காரரான உங்களுக்கு ஒரு கொசுறு: ஏஎம்டி 1972-லேயே பினாங்கில் கால் வைத்த நிறுவனம், ரைசன் சிப்புகள் சிலவற்றின் மூடியில் "மேட் இன் மலேசியா" என்றே இருக்கும். உங்களுக்கு வருவதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக அந்த டிடிஆர்4. போட முடியாது. ஏஎம்5 டிடிஆர்5-ஐ மட்டும்தான் ஏற்கும். இரண்டுக்கும் 288 பின் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் உள்ளேயே இறங்காது, அமுக்கிப் பார்க்காதீர்கள். பழைய ராமைத் தனியாகக் கழற்றி வைப்பதைவிட, போர்டு, சிப்போடு சேர்த்து ஒரு செட்டாக விற்றுவிடுங்கள். டிடிஆர்4 விலையும் ஏறியிருப்பதால் 32 ஜிபி உள்ள செட்டுக்கு இப்போது வாங்க ஆள் இருக்கிறது.