108-லிருந்து நியூ ஜெர்சி ஆம்புலன்ஸுக்கு வரும் தம்பிக்கு

தமிழ்நாட்டில் 108-ல் இஎம்டியாக, அதாவது ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் அவசர மருத்துவ உதவியாளராக, ஓடியிருக்கிறீர்கள். மனைவியின் வேலை காரணமாக நியூ ஜெர்சி வந்துவிட்டீர்கள். நேராக அதற்கு அடுத்த நிலையான பாராமெடிக் படிப்பில் சேரலாமா, இல்லை முதலில் இங்கே இஎம்டியாகக் கொஞ்ச காலம் ஓட வேண்டுமா, சம்பளம் எப்படி, வீடு எந்த ஊரில் பார்ப்பது, என்ன கார் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கும் காருக்கும் ஆலோசனை சொல்ல இங்கே ஆள் பஞ்சமே இல்லை. ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போங்கள், கேட்காமலே சொல்வார்கள். நான் முதல் கேள்விக்கு வருகிறேன்.

108 அனுபவம் இங்கே காகிதத்தில் செல்லாது. மாநிலம் அங்கீகரித்த இஎம்டி வகுப்பில் உட்கார்ந்து, நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற நாடு தழுவிய சான்றிதழ் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். நானும் உட்கார்ந்தேன், பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகளுக்கு நடுவே, பிரஷர் பார்ப்பது எப்படி என்று மறுபடி முதலிலிருந்து. எரிச்சலாகத்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்பு சுமார் 200 மணி நேரம். பாராமெடிக் படிப்பு 1,200 முதல் 1,800 மணி நேரம். இஎம்டி சான்றிதழ் இருந்தாலே சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. இதைக் கேட்டதும் நம் ஆட்கள், "அப்புறம் எதுக்கு இஎம்டியா ஓடி ஒரு வருஷத்தை வீணாக்கணும்?" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒருவர்கூட மூன்றாவது மாடியிலிருந்து ஆளை நாற்காலியில் வைத்து இறக்கியவர் இல்லை.

பாராமெடிக் படிப்பின் கடைசிக் கட்டத்தில் வண்டியில் நீங்கள்தான் தலைமை ஏற்க வேண்டும். ஈசிஜி, மருந்துக் கணக்கு, தொண்டைக்குள் குழாய் விடுவது எல்லாம் அப்போது தலைக்குள் முட்டிக்கொண்டிருக்கும். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, மூச்சு எண்ணிக்கையை எப்படிக் கவனிப்பது, மருத்துவமனைக்கு ரேடியோவில் அரை நிமிடத்தில் என்ன சொல்வது என்பதையும் அங்கேதான் கற்பேன் என்றால் திணறிவிடுவீர்கள். அப்படித் திணறிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். புத்திசாலிகள்தான், தேர்வில் நல்ல மதிப்பெண். வியர்த்துக் கொட்டும் மனிதர் முன்னால் நின்றால் வாய் வராது.

உங்களிடம் கை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. பிரசவம், பூச்சிமருந்து, பாம்புக்கடி என்று 108-ல் பார்த்ததை இங்கே பலர் பணிக்காலம் முழுக்கப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இங்கே வேறு சங்கடங்கள். சுயநினைவோடு தெளிவாக இருக்கிற நோயாளி வரமாட்டேன் என்றால் தூக்கிப் போட்டுக்கொண்டு போக முடியாது. விளைவை விளக்கி, கையெழுத்து வாங்கி, ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும். ஒரு தாத்தாவுக்கு இதயம் நின்றிருக்கும், மகள் அலறுவார், ஃப்ரிட்ஜ் கதவில் உயிர்ப்பிக்க வேண்டாம் என்று மருத்துவர் ஒப்பமிட்ட போல்ஸ்ட் படிவம் ஒட்டியிருக்கும். அந்த நேரத்தில் எப்படி நிற்பது என்று எந்த வகுப்பும் சொல்லித் தராது.

எனவே ஒரு வருடமாவது ஓடுங்கள். எங்கே ஓடுகிறீர்கள் என்பதில்தான் எச்சரிக்கை. தனியார் போக்குவரத்து நிறுவனங்கள் உடனே வேலை தரும். டயாலிசிஸ் நோயாளியைக் கொண்டுபோய் விடுவது, முதியோர் இல்லத்துக்குத் திரும்ப அழைத்துப்போவது. தூக்கவும் பழைய மருத்துவக் குறிப்புகளைப் படிக்கவும் பழகலாம், ஆனால் முதல் மாதம் செய்ததைத்தான் பன்னிரண்டாம் மாதமும் செய்வீர்கள். நான் முதலில் இருந்த அப்படி ஒரு நிறுவனத்தில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று வாரக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது, எழுதிக் கொடுத்தும் யாரும் கவனிக்கவில்லை. 911 அவசர அழைப்புக்குப் போகும் வண்டியில் இடம் பிடியுங்கள். இந்த மாநிலத்தில் பல ஊர்களில் ஸ்குவாடு எனப்படும் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுக்கள் இருக்கின்றன. உறுப்பினரானால் வகுப்புக் கட்டணத்துக்கு மாநில நிதி உண்டா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசா என்றால் வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை சம்பள வேலை கிடையாது. சம்பளமில்லாத சேவை என்றாலும் குடிவரவு வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

நியூ ஜெர்சியில் இன்னொரு வசதி, பாராமெடிக்குகள் மருத்துவமனையிலிருந்து தனி வண்டியில் இருவராக வருவார்கள். ஊர் வண்டியில் இருக்கும் நீங்கள் அவர்கள் வரும்வரை நோயாளியைப் பார்த்து, வந்தபின் அவர்கள் செய்வதையும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நான் அப்படித்தான் பாதி கற்றேன். மீதியைக் கற்றுத் தந்தவர் என்னுடன் ஓடிய ஓர் அம்மாள், பேத்தி எடுத்தவர். பிரஷர் மெஷின் பக்கத்திலேயே இருக்கும், தொடவிட மாட்டார். குலுங்குகிற வண்டியில் அது சொல்லும் எண்ணை நம்பாதே, ஸ்டெதாஸ்கோப்பை எடு என்பார். ஒருநாள் குளியலறையில் விழுந்த ஒரு பெரியவருக்கு நெற்றிக் காயத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மாள் என் கட்டைப் பார்க்கவே இல்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இவர் ஏன் விழுந்தார்?" என்று கேட்டார். நாடி நாற்பதைத் தொடவில்லை. உடனே பாராமெடிக்குகளை அழைத்தோம். மானிட்டரில் முழு இதய அடைப்பு, அதாவது மேலறையின் மின்சமிக்ஞை கீழறைக்குப் போகவே இல்லை, மார்பில் பேட் ஒட்டி மின்துடிப்பு கொடுத்துக்கொண்டே போனார்கள். பின்னாளில் வகுப்பில் அந்த ஈசிஜி பட்டையைக் காட்டியபோது எனக்கு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சம்பளம் கேட்டீர்கள். 2024 அரசுக் கணக்கில் நாடு முழுவதற்குமான இடைநிலைச் சம்பளம் இஎம்டிக்கு ஆண்டுக்குச் சுமார் 41,000 டாலர், பாராமெடிக்குக்குச் சுமார் 58,000. சாஃப்ட்வேர் ஆட்கள் நடுவில் இதைச் சொன்னால் ஒரு அமைதி விழும். "ஆம்புலன்ஸ் டிரைவரா?" என்று கோயிலில் கேட்பார்கள். ஆமாம், அதையும் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொள்வேன். அதே ஆட்கள்தான் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு நெஞ்சு அடைக்குதாம், 911 கூப்பிட்டா பில் எவ்வளவு வரும்?" என்பார்கள். முதலில் கூப்பிடுங்கள், பில்லை அப்புறம் பார்க்கலாம் என்பேன்.